நல்லவன் ஏமாளியா?

‘நல்லவனாக இருந்தால் நாலு பேர் ஏறி மிதிப்பார்கள், முந்திக்கொள்பவனே பிழைப்பான்’ என்று கூறுவோர் எக்காலத்திலும் உளர். ‘நன்மை செய்தால் நன்மையே விளையும்’ என்று அறம் உரைப்போரும் உளர். இவ்விரு கூற்றுகளுள் எது உண்மை என்பது பொழுது போக்குவதற்குரிய பட்டிமன்றப் பொருள் அன்று. ‘பிறரோடு ஒத்து வாழ்’ என்று வகுப்பிலே கற்பிக்கும் ஆசிரியர், மாணவனை வெளியுலகில் ஏமாந்து நிற்பதற்கு ஆயத்தம் செய்கிறாரா, வாழ்வதற்கு ஆயத்தம் செய்கிறாரா? இவ்வினாவிற்கு விடை தேடாமல் அப்பாடத்தை நடத்துவது, தாம் நம்பாத ஒன்றைப் பிறர்க்கு உரைப்பதாகவே முடியும்.

அறவுரையால் மட்டுமன்றி எண்களாலும் இவ்வினாவை ஆராயலாம் என்று காட்டிய அறிவுத்துறை ஒன்று உண்டு. அதற்கு ஆட்டக் கோட்பாடு என்று பெயர். ஜான் வான் நாய்மன் என்னும் கணித மேதையும், ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்ன் என்னும் பொருளியல் அறிஞரும் 1944ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூல் இத்துறைக்கு அடிக்கல் நாட்டியது. இங்கு ‘ஆட்டம்’ என்பது விளையாட்டை மட்டும் குறிப்பதன்று. சதுரங்கத்தில் ஒருவன் காய் நகர்த்துவதன் பயன், எதிரில் இருப்பவன் எவ்வாறு நகர்த்துகிறான் என்பதையும் பொறுத்திருக்கிறது. வாணிகமும், தேர்தலும், போரும், அண்டை வீட்டாரோடு பழகுவதும் அத்தகையனவே. ஒருவன் செயலின் பயன் மற்றொருவன் செயலையும் பொறுத்திருக்கும் இடமெல்லாம் இக்கோட்பாட்டின் களமாகும்.

இரு கைதிகள்

1950ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ராண்ட் ஆய்வு நிறுவனத்தில், மெரில் ஃபிளட், மெல்வின் டிரெஷர் என்னும் இருவர் ஒரு புதுமையான ஆட்டத்தை வகுத்தனர். அதே ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஆல்பர்ட் டக்கர், கணிதம் பயிலாதோரும் உணருமாறு அதனை ஒரு கதையாக்கிக் கூறினார். அக்கதை இன்று பல வடிவங்களில் வழங்குகிறது. அவற்றுள் ஒன்று வருமாறு:

குற்றம் ஒன்றில் கூட்டாளிகளாகிய இருவரைக் காவலர் பிடித்துத் தனித்தனி அறைகளில் அடைக்கின்றனர். பெருங்குற்றத்தை மெய்ப்பிக்கப் போதிய சான்று இல்லை. ஆதலின் ஒவ்வொருவரிடமும் தனியே சென்று, ‘நீ உண்மையைக் கூறி, உன் கூட்டாளி வாய் திறவாதிருந்தால், உனக்கு விடுதலை, அவனுக்குப் பத்து ஆண்டு சிறை. இருவரும் கூறிவிட்டால் ஆளுக்கு ஐந்து ஆண்டு. இருவருமே வாய் திறவாதிருந்தால் சிறு குற்றத்திற்காக ஆளுக்கு ஓர் ஆண்டு’ என்கின்றனர்.

முதற்கைதி எண்ணுகிறான்: ‘அவன் வாய் திறவாதிருந்தால், நான் காட்டிக் கொடுத்தால் விடுதலை, கொடாவிட்டால் ஓர் ஆண்டு. அவன் காட்டிக் கொடுத்தாலோ, நானும் கொடுத்தால் ஐந்து ஆண்டு. கொடாவிட்டால் பத்து ஆண்டு. அவன் எது செய்யினும் காட்டிக் கொடுப்பதே எனக்கு நலம்.’ இவ்வெண்ணத்தில் குற்றம் காண இயலாது. மற்றவனும் இவ்வாறே எண்ணுகிறான். முடிவில் இருவரும் ஐந்து ஆண்டு சிறை புகுகின்றனர். இருவரும் அறிவிலிகளாய் வாய் மூடியிருந்தால் ஓராண்டோடு தப்பியிருப்பர்! தனித்தனியே பார்த்தால் அறிவுடைமை. சேர்த்துப் பார்த்தால் அறியாமை. இதுவே ‘கைதிகளின் இருதலைக்கொள்ளி’ எனப்படுவது.

சிறைக் கணக்கை மதிப்பெண் கணக்காக மாற்றினால் ஆராய்வது எளிது. இருவர் ஆடுகின்றனர். ஒவ்வொருவரும் ‘ஒத்துழைத்தல்’, ‘ஏய்த்தல்’ என்னும் இரண்டில் ஒன்றை மற்றவருக்குத் தெரியாமல் தேர்ந்துகொள்ள வேண்டும். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி. இருவரும் ஏய்த்தால் ஆளுக்கு 1 புள்ளி. ஒருவர் ஒத்துழைக்க மற்றவர் ஏய்த்தால், ஏய்த்தவருக்கு 5, ஏமாந்தவருக்குச் சுழி. ஒரே ஒரு முறை ஆடிப் பிரியும் ஆட்டமாயின், ஏய்ப்பதே இலாபம். ‘முந்திக்கொள்பவனே பிழைப்பான்’ என்பவர் கட்சி இங்கு வென்றதாகவே கொள்ள வேண்டும்.

ஆனால் ஃபிளட்டும் டிரெஷரும் தம் நண்பர் இருவரை, ஒருவர்க்கொருவர் பேசாமல், இவ்வகை ஆட்டத்தை நூறு முறை தொடர்ந்து ஆடச் செய்தபொழுது வேறொன்று நிகழ்ந்தது. நூறில் அறுபது முறை இருவரும் ஒத்துழைத்தனர். மீண்டும் மீண்டும் சந்திக்கும் இருவர், ஒருமுறை சந்தித்துப் பிரியும் இருவரைப் போல நடப்பதில்லை என்பதற்கு இது முதல் அறிகுறியாக அமைந்தது.

கணிப்பொறிகளின் போட்டி

அப்படியாயின், மீண்டும் மீண்டும் ஆடும் ஆட்டத்தில் எவ்வாறு நடந்துகொள்வது சிறந்தது? மிச்சிகன் பல்கலைக்கழக அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்ஸல்ராட் இதற்கு விடை காண ஒரு போட்டி நடத்தினார். உளவியல், பொருளியல், அரசியல், கணிதம், சமூகவியல் ஆகிய துறைகளில் ஆட்டக் கோட்பாட்டை ஆராய்ந்தோரை அழைத்து, தாம் சிறந்ததெனக் கருதும் உத்தியைக் கணிப்பொறி நிரலாக எழுதி அனுப்புமாறு கேட்டார். பதினான்கு உத்திகள் வந்தன. அவற்றோடு, நினைத்தபடி காசு சுண்டுவது போல் ஆடும் ஓர் உத்தியையும் அவரே சேர்த்தார். ஒவ்வோர் உத்தியும் மற்ற ஒவ்வொன்றோடும், தன்னைப் போன்ற மற்றொன்றோடும், ஓர் ஆட்டத்திற்கு 200 முறை மோதியது. இப்போட்டியின் முடிவுகள் 1980ஆம் ஆண்டில் வெளியாயின.

வந்தவற்றுள் சில மிக நுட்பமானவை. எதிராளியின் குணத்தைக் கணித்து, அவன் எப்பொழுது ஏமாறுவான் என்று காத்திருந்து, சமயம் பார்த்துக் காலை வாரிவிடும் உத்திகளும் அவற்றுள் இருந்தன. ஆயினும் முதலிடம் பெற்றது எல்லாவற்றிலும் சிறிய நிரல், நான்கே வரி. அதனை அனுப்பியவர் டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் அனட்டோல் ராப்போபோர்ட். அவர் 1911ஆம் ஆண்டில் பிறந்தவர். பியானோ இசையில் தேர்ந்து, பின் கணிதத்துள் புகுந்து, அமைதி பற்றிய ஆராய்ச்சிக்கு வாழ்நாளை ஈந்தவர். அவருடைய உத்தி இதுதான்: முதல் முறை ஒத்துழை, அதன்பின் ஒவ்வொரு முறையும், சென்ற முறை எதிராளி செய்ததையே நீயும் செய். இதனைப் ‘பதிலுக்குப் பதில்’ என்று அழைக்கலாம்.

ஆக்ஸல்ராட் முடிவுகளை ஆராய்ந்தபொழுது வியப்பிற்குரிய ஓர் உண்மை புலப்பட்டது. தான் முதலில் ஏய்ப்பதில்லை என்னும் விதியுடையவற்றை அவர் ‘நல்ல’ உத்திகள் என்று குறித்தார். முதல் எட்டு இடங்களையும் பெற்றவை நல்ல உத்திகளே. மற்றவற்றுள் ஒன்றேனும் நல்லது அன்று. நல்லவை ஒருபுறமும் ஏய்ப்பவை மறுபுறமும் கோடு கிழித்தாற்போலப் பிரிந்து நின்றன.

இம்முடிவுகளையும் அவற்றின் காரணங்களையும் எல்லோருக்கும் அறிவித்தபின் ஆக்ஸல்ராட் இரண்டாம் போட்டியை நடத்தினார். ஆறு நாடுகளிலிருந்து 62 உத்திகள் வந்தன. போட்டியிட்டவர்களுள் பேராசிரியர்களும் இருந்தனர். பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். ‘பதிலுக்குப் பதில்’ வென்றது அனைவர்க்கும் தெரியும். அதனை வீழ்த்துவதற்கென்றே சிலர் உத்தி வகுத்திருந்தனர். ராப்போபோர்ட் மீண்டும் அதே நான்கு வரியை அனுப்பினார். மீண்டும் அதுவே வென்றது. முதற் பதினைந்து இடங்களில் ஒன்று தவிர மற்றவையெல்லாம் நல்ல உத்திகள். கடைசிப் பதினைந்தில் ஒன்று தவிர மற்றவையெல்லாம் ஏய்ப்பவை.

வெற்றியின் காரணம்

இவ்வெற்றியின் காரணங்களை நான்காக வகுக்கலாம். முதலாவது, அது தானாக வம்புக்குப் போவதில்லை. இரண்டாவது, ஏய்த்தவனை அது பொறுத்துக்கொண்டு வாளா இருப்பதில்லை. அடுத்த முறையே பதில் கொடுக்கிறது. மூன்றாவது, பதில் கொடுத்ததோடு பகையை மறந்துவிடுகிறது. எதிராளி திருந்தினால் தானும் உடனே ஒத்துழைக்கிறது. நான்காவது, அதன் நடத்தை எவர்க்கும் எளிதில் விளங்குகிறது. ஆகவே எதிராளி, ‘இவனோடு ஒத்துப் போவதே இலாபம்’ என்று விரைவில் கற்றுக்கொள்கிறான்.

மன்னிக்கும் பண்பு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு முதற்போட்டியிலேயே சான்று உண்டு. ஒருமுறை ஏய்க்கப்பட்டால் இறுதி வரை மன்னியாத நல்ல உத்தி ஒன்று அதில் இருந்தது. நல்ல உத்திகளுள் மிகக் குறைந்த புள்ளி பெற்றது அதுவே. நன்மையோடு தொடங்கினும், தீராப் பகை அதனைத் தாழ்த்திவிட்டது.

ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைக்கத் தக்க வேறோர் உண்மையும் உண்டு. ‘பதிலுக்குப் பதில்’ தன் எதிராளியை ஓர் ஆட்டத்திலேனும் மிஞ்சியதில்லை, மிஞ்சவும் முடியாது. அது முந்தி ஏய்ப்பதில்லை. ஆதலின் எதிராளியைவிட அதிகமுறை ஏய்த்திருக்க வழியில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் சமன் செய்தது அல்லது சிறிது பின்தங்கியது. எனினும் மொத்தக் கூட்டலில் முதலிடம் பெற்றது. பிறரை வீழ்த்தி வென்றோர் ஆட்டத்திற்கு ஆட்டம் வென்று போட்டியில் தோற்றனர். அடுத்தவனைவிட ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்றேனா என்று பார்ப்பது பொறாமை. தன் புள்ளி வளர்ந்ததா என்று பார்ப்பது அறிவு.

தீயோர் நடுவே நல்லோர்

‘எல்லோரும் ஏய்ப்போராக இருக்கும் ஊரில் ஒருவன் மட்டும் நல்லவனாக இருந்து என்ன பயன்?’ என்னும் ஐயம் இங்கு எழும். கணக்கிட்டே பார்க்கலாம். இருவர் சந்தித்தால் பத்து முறை ஆடுவதாகக் கொள்வோம். ஏய்ப்போர் இருவர் ஆடினால் ஆளுக்கு 10 புள்ளி. ‘பதிலுக்குப் பதில்’ காரன் ஒருவன் ஏய்ப்போனோடு ஆடினால், முதல் முறை ஏமாந்து, மற்ற ஒன்பது முறையும் ஒவ்வொன்று பெற்று 9 புள்ளி அடைவான். தனியனாயின் அவனுக்கு நட்டமே. ஆனால் அவனைப் போன்ற இருவர் சந்தித்தால் ஆளுக்கு 30 புள்ளி! எனவே தனியாய் வந்தவன் நலிவான். சிறு குழுவாய் வந்தவர்கள் நிலைப்பர். தம் சந்திப்புகளில் இருபத்தொன்றில் ஒன்றுக்குச் சற்று மேற்பட்டவை தம்மவரோடு நிகழ்ந்தாலே, ஏய்ப்போரின் சராசரியை அவர்கள் கடந்துவிடுவர். ஏய்ப்போர் ஊரில் நன்மை வேரூன்ற எல்லோரும் நல்லவராக வேண்டியதில்லை. ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் சிலர் போதும்.

ஆக்ஸல்ராட் மற்றொரு சோதனையும் செய்தார். அதிகப் புள்ளி பெற்ற உத்தி அடுத்த தலைமுறையில் அதிகமாகப் பெருகுவதாகவும், குறைந்தது அருகுவதாகவும் கணிப்பொறியில் அமைத்தார். தொடக்கத்தில், ஏமாளிகளைச் சுரண்டிய தந்திர உத்தி ஒன்று செழித்தது. ஏமாளிகள் அழிந்தபின் அதற்கு இரை இல்லை. ஏறத்தாழ இருநூறு தலைமுறைக்குப் பின் அது தேயத் தொடங்கி, ஆயிரமாவது தலைமுறைக்குள் மறைந்தது. ‘பதிலுக்குப் பதில்’ முதலிடத்தில் நின்று வளர்ந்துகொண்டே இருந்தது. அடுத்தவன் ஏமாறுவதையே நம்பி வாழும் வாழ்வு, அவ்வேமாளிகளோடு தானும் அழியும் என்பது இதனால் விளங்கும்.

உயிரியல் அறிஞர்களுக்கும் இது பெரிதும் பயன்பட்டது. உறவினர்க்கு உதவும் இயல்பு எவ்வாறு வளரும் என்பதை வில்லியம் ஹாமில்டன் 1964ஆம் ஆண்டில் விளக்கியிருந்தார். உறவல்லாதார்க்கு உதவும் இயல்பைப் பற்றி ராபர்ட் டிரிவர்ஸ் 1971ஆம் ஆண்டில் எழுதினார். ஆக்ஸல்ராடும் ஹாமில்டனும் சேர்ந்து 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, மனிதரின் முன்யோசனை இல்லாத உயிர்களிடத்தும் ஒத்துழைப்புத் தோன்றி நிலைக்கலாம் என்று காட்டியது.

இதற்கு இயற்கையில் உள்ள எடுத்துக்காட்டு, குருதி உண்ணும் வௌவால். இவ்வௌவால் இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து இரை பெறாவிடின் மடிந்துவிடும். இரை கிட்டாமல் திரும்பிய வௌவாலுக்கு, உண்டு வந்த வௌவால் தான் குடித்த குருதியைக் கக்கி ஊட்டுகிறது. கோஸ்டாரிகா நாட்டில் இதனை ஆராய்ந்து ஜெரால்டு வில்கின்சன் 1984ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர் அவரும் ஜெரால்டு கார்ட்டரும் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு வௌவால் யாருக்கு ஊட்டும் என்பதை, உறவைவிட முன்பு பெற்ற உதவியே சிறப்பாக உணர்த்துவதாகக் கண்டனர். அறிமுகமில்லாத வௌவால்கள் முதலில் ஒன்றன் மயிரை ஒன்று கோதிப் பழகி, பின்னரே உணவு பகிர்கின்றன என்பது 2020ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி. சிறிய உதவியில் தொடங்கிச் சோதித்துப் பெரிய உதவிக்குச் செல்லும் இம்முறை, மனிதர் நட்புக் கொள்ளும் முறையை ஒத்திருக்கிறது.

போர்க்களத்தில் ஓர் உடன்படிக்கை

நட்பே இல்லாத இடத்திலும் ஒத்துழைப்புத் தோன்றுமா? முதல் உலகப் போர் இதற்கு விடை தருகிறது. 1914 முதல் 1918 வரை, பெல்ஜியக் கடற்கரை தொடங்கிச் சுவிட்சர்லாந்து எல்லை வரை, இரு படைகள் எதிரெதிரே பதுங்குகுழி தோண்டி நின்றன. கொல்வதே அவர்கள் தொழில். எனினும் பல இடங்களில் ‘நீ எங்களை விட்டால் நாங்கள் உங்களை விடுகிறோம்’ என்னும் பேசாத உடன்படிக்கை நிலவியது. இதனை டோனி ஆஷ்வொர்த் என்னும் சமூகவியல் அறிஞர் படைவீரர்தம் நாட்குறிப்புகளிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் திரட்டி 1980ஆம் ஆண்டில் நூலாக்கினார்.

ஒரே படைப்பிரிவு பல நாள் ஒரே எதிரிப் பிரிவின் எதிரில் நின்றது. எதிரியின் உணவு வண்டியைச் சுட்டால், மறுநாள் தன் உணவு வண்டியும் சுடப்படும். ஆகவே உணவு வரும் வேளையில் இருபுறமும் துப்பாக்கிகள் ஓய்ந்தன. பீரங்கிக் குண்டுகள் நாள்தோறும் அதே நேரத்தில் அதே இடத்தில் வீழ்ந்தன. எதிரி விலகி நிற்க அது போதிய அறிவிப்பாயிற்று. சில இடங்களில் குறி பார்த்துச் சுடுவோர் ஒரு சுவரின் ஒரே புள்ளியை மீண்டும் மீண்டும் சுட்டுத் துளைத்தனர். ‘வேண்டினால் கொல்ல வல்லோம்; வேண்டாமையால் விடுகிறோம்’ என்பதே அதன் பொருள். திறமையைக் காட்டி அமைதியைக் காத்தனர். ஒரு பிரிவு மாற்றலாகிச் செல்லும்பொழுது, வந்த பிரிவுக்கு இவ்வழக்கங்களை அறிவித்துச் சென்றதும் உண்டு.

தளபதிகள் இதனை விரும்பவில்லை. தண்டனைகளால் முழுதும் அடக்கவும் இயலவில்லை. இறுதியில் இதனைக் குலைத்தவை, மேலிடத்து ஆணையால் நிகழ்ந்த திடீர்த் தாக்குதல்கள். சிறு குழுவினர் எதிரியின் குழிக்குள் பாய்ந்து கொல்லவோ சிறைபிடிக்கவோ வேண்டும். பீரங்கியைப் போல் இதனைப் பொய்யாகச் செய்து காட்ட இயலாது. சிறைபிடித்தவரையோ பிணத்தையோ காட்டியாக வேண்டும். ஒரு தாக்குதலுக்கு மறுதாக்குதல் வந்தது. நம்பிக்கை சிதைந்தது. ஒத்துழைப்பை வளர்த்த அதே ‘பதிலுக்குப் பதில்’ இப்பொழுது பகையை வளர்த்தது.

இவ்வரலாறு இரண்டு செய்திகளைக் கூறுகிறது. ஒத்துழைப்புக்கு அன்போ, தலைவனோ, எழுதிய ஒப்பந்தமோ முன்தேவை அன்று. நாளையும் இவன் முகத்தில் விழிக்க வேண்டும் என்னும் நினைவே போதும். மற்றொன்று: அந்நினைவை வளர்க்கும் சூழ்நிலையைக் குலைத்தால், எவ்வளவு நல்லெண்ணம் இருப்பினும் ஒத்துழைப்புக் குலையும்.

தவறு நேர்ந்தால்?

கணிப்பொறி பிழையின்றி ஆடும். மனிதர் அவ்வாறு அல்லர். ஒருவர் சொல்வது ஒன்று, மற்றவர் காதில் விழுவது மற்றொன்று. ‘பதிலுக்குப் பதில்’ உத்தியினர் இருவர் ஆடுகின்றனர். ஒருவன் கை தவறி ஒருமுறை ஏய்த்துவிடுகிறான். அடுத்த முறை மற்றவன் பதில் கொடுக்கிறான். அதற்கு அடுத்த முறை இவன் பதில் கொடுக்கிறான். மாறி மாறி ஐந்தும் சுழியுமாகப் போய், மூன்று பெற்ற இடத்தில் சராசரி இரண்டரையே கிட்டும். இன்னொரு தவறு நேர்ந்தால் இருவரும் ஒன்றிலேயே உழல நேரிடலாம். ‘நான் பதில்தானே கொடுத்தேன்’ என்று இருவருமே உண்மையாகக் கூறுவர். தலைமுறை கடந்தும் தொடரும் குடும்பப் பகைகள் பலவற்றின் கதையும் இதுவே.

இதற்கு மருந்து யாது? மார்ட்டின் நோவாக், கார்ல் சிக்மண்ட் ஆகிய இருவர் 1992ஆம் ஆண்டில், தவறுகள் நேரும் உலகில் உத்திகள் எவ்வாறு பெருகும் என்று ஆராய்ந்தனர். கண்டிப்பான ‘பதிலுக்குப் பதில்’ முதலில் ஏய்ப்போரை அடக்கியது. பின் தன்னைவிட இரக்கமுடைய ஒன்றுக்கு இடம் விட்டது. அது நன்மைக்கு எப்பொழுதும் நன்மை செய்யும். தீமைக்குச் சில வேளைகளில் மட்டும் மன்னிப்பு அளிக்கும். மேற்கூறிய புள்ளிக் கணக்கில் மூன்றில் ஒரு முறை மன்னிப்பதே தக்க அளவு. அதற்கு மிகுந்தால் ஏய்ப்போர் தலையெடுப்பர். குறைந்தால் பகை நீளும். எப்பொழுது மன்னிப்பான் என்று எதிராளி முன்கூட்டி அறியாதபடி அது அமையவும் வேண்டும். ‘பொறுத்துப் போ’ என்பாரும் ‘விடாதே’ என்பாரும் ஒவ்வொரு பாதியையே கூறினர் என்பது இக்கணக்கால் தெளிவாகும்.

ஊர் கூடித் தேர் இழுக்கையில்

இதுவரை கூறியது இருவர் ஆட்டம். பலர் கூடும் இடத்தில் சிக்கல் மிகுதி. ஊர் கூடித் தேர் இழுக்கும்பொழுது, வடத்தைத் தொட்டுக்கொண்டு இழுக்காதிருப்பவன் எவன் என்று தெரிவதில்லை. அவனுக்குப் பதில் கொடுப்பதாக எண்ணி மற்றொருவனும் கையை விட்டால், தண்டனை எல்லோர்க்கும் போய்ச் சேரும், தேரும் நின்றுவிடும். ஆகவே கூட்டத்தில் ‘பதிலுக்குப் பதில்’ மட்டும் போதாது.

இதனை ஆராய்ந்தவர் எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார். 1990ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட நூல் புகழ் பெற்றது. 2009ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு இவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி இவரே. பொதுச் சொத்தாகிய மேய்ச்சல் நிலமும், பாசன நீரும், மீன்வளமும் எங்கே பல நூற்றாண்டு காக்கப்பட்டன, எங்கே பாழாயின என்று பல நாடுகளில் ஆராய்ந்த செய்திகளை இவர் ஒப்பிட்டார்.

சுவிட்சர்லாந்தின் மலையூராகிய டோர்பெல் இவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. குளிர்காலத்தில் தன் தொழுவத்தில் வைத்துத் தீனி போட இயன்ற அளவுக்கு மேல் எவரும் மலைப் பொது மேய்ச்சலுக்கு மாடு அனுப்பலாகாது என்பது அவ்வூரார் 1517ஆம் ஆண்டிலேயே வகுத்த விதி. எத்தனை மாடு என்பதை எல்லோரும் எளிதில் எண்ணிவிடலாம். மீறியவனுக்கு அபராதம் விதிக்கும் ஊர் அலுவலருக்கு அவ்வபராதத்தில் பாதி உரியது. ஆகவே அவர் கண் அயர்வதில்லை. இத்தகைய ஊர்களிலெல்லாம் சில பொதுப் பண்புகளை ஆஸ்ட்ரம் கண்டார். யார் உறுப்பினர் என்பது தெளிவு. விதிகளை வகுப்பதில் உறுப்பினர்க்குப் பங்கு. கண்காணிப்போர் ஊரார்க்குப் பொறுப்புடையோர். முதற்பிழைக்குச் சிறு தண்டம், மீண்டும் செய்தால் பெரிது. உடன் பதில், அளவான பதில், திருந்த இடம் — நான்கு வரி நிரலின் பண்புகளே இங்கு ஊர் வழக்கமாக உருப்பெற்றுள்ளன.

ஓர் எச்சரிக்கை

ஆட்டக் கோட்பாடு நல்லோர்க்கு வெற்றியை உறுதியளிக்கிறது என்று முடிவு கட்டுதல் கூடாது. ‘பதிலுக்குப் பதில்’ எல்லா இடத்திலும் வெல்லும் உத்தி அன்று. உடன் ஆடுவோர் யார் என்பதைப் பொறுத்தே வெற்றி அமையும். 2004ஆம் ஆண்டில் மீண்டும் நடந்த போட்டியில், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழுவினர் அறுபது நிரல்களை அனுப்பினர். அவை முதற் சில நகர்த்தல்களையே அடையாளச் சொல்லாகக் கொண்டு ஒன்றையொன்று அறிந்துகொண்டன. பின் சில தம்மைப் பலியிட்டுத் தம் குழுவின் மற்றவைக்குப் புள்ளிகளை வாரி வழங்கின; அயலாரை ஏய்த்தன. முதல் மூன்று இடமும் அக்குழுவிற்கே கிட்டின. பலியான நிரல்கள் பல அடியில் கிடந்தன. குழுவுக்குள் நிலவும் ஒற்றுமை, வெளியாரைச் சுரண்டும் கருவியாகவும் ஆகலாம் என்பதற்கு இது சான்று. விலையை உயர்த்துவதற்காக வணிகர் சிலர் தமக்குள் பேசிக்கொள்வதும் ஒத்துழைப்பே. அதனால் நலிவோர் வாங்குவோர். எனவே ஒற்றுமை எவரோடு, எதற்காக என்னும் வினாவைக் கணக்கால் விடுக்க இயலாது; அஃது அறநூலாரின் பொறுப்பு.

இவ்வளவும் ஆராய்ந்தபின் தொடக்க வினாவிற்கு விடை கூறலாம். ஒருமுறை சந்தித்துப் பிரியும் இடத்தில் நல்லவன் ஏமாறுவது உண்டு. எதையும் பொறுத்துக்கொண்டே இருப்பவன் ஏய்ப்போர்க்கு இரையாவதும் உண்டு. ஆனால் மீண்டும் சந்திக்கும் இடத்தில், தான் முந்தித் தீங்கு செய்யாமல், செய்தவனுக்கு அளவாகப் பதில் கொடுத்து, திருந்தியவனை ஏற்றுக்கொள்பவன் ஏமாளி அல்லன். இத்தகையோர் சிலர் சேர்ந்தால் சூழலையே மாற்ற வல்லவர்.

மேல்வகுப்பு மாணவரைக் கொண்டு இதனை ஒரு பாடவேளையில் செய்து காட்டலாம். ஆளுக்கு இரண்டு அட்டைகள். ஒன்றில் ‘ஒ’, மற்றொன்றில் ‘ஏ’ என எழுதி, இருவர் இருவராக அமரச் செய்து, முன்கூறிய புள்ளிகளின்படி ஆடவிடலாம். முதலில் ஒவ்வொரு முறையும் இணையை மாற்றுக. பின்னர் ஒரே இணையைத் தொடர்ந்து ஆடவிடுக. எத்தனை முறை என்பதை மட்டும் கூறலாகாது. கடைசி முறை இன்னது என்று தெரிந்தால் அம்முறை ஏய்க்கத் தோன்றும். அது தெரிந்தால் அதற்கு முந்திய முறையும் ஏய்க்கத் தோன்றும். இவ்வாறே முதல் வரை சென்றுவிடும். இருவகை ஆட்டத்தின் புள்ளிகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதினால், அதன் கீழ் ஆசிரியர் எழுத வேண்டிய அறவுரையை மாணவரே கூறிவிடுவர்.